பாட்டில் அலங்காரத்துக்கு மோல்டு-இட் எப்படி?

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை வார்டில் இருப்பவருக்குப் பூ வேலை செய்த சின்னக் கண்ணாடி பாட்டில் கொடுக்க நினைத்தால், ஃபெவிக்ரில் மோல்டு-இட் நல்ல தேர்வு. இரண்டு பாகத்தைக் கலந்து பிசைந்தால் இறுகும் களிமண் இது. காற்றில் உலரும் சாதாரணக் களிமண் காயக் காயச் சுருங்கும், கண்ணாடி சுருங்காது. வெடிப்பு விழுவது அதனால்தான். மோல்டு-இட்டில் அந்தத் தொல்லை இல்லை.

ரெசின், அதை இறுக வைக்கும் ஹார்டனர் இரண்டையும் சம அளவு எடுத்து ஒரே நிறமாகும்வரை பிசையுங்கள். கோடு கோடாகத் தெரிந்தால் அந்த இடம் இறுகாமல் பிசுபிசுக்கும். ஹார்டனர் சிலருக்கு அரிக்கும், கையுறை போடுங்கள். பாட்டிலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இதழ் முழுசாகப் பெயர்ந்து வரும். முதலில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கணும். இதழுக்கு 2 மி.மீ. தடிமன் போதும், ஓரத்தை ஈர விரலால் நீவுங்கள். வேலூர் வெயிலில் சீக்கிரம் இறுகும், கொஞ்சம் கொஞ்சமாகப் பிசைவதே புத்திசாலித்தனம். மறுநாள் பெயின்ட்.

அக்ரிலிக் பெயின்ட்தான் பலவீனம்: சானிடைசர் ஈரத்தோடு தொட்டால் நிறம் கையில் ஒட்டும். பெயின்ட் மேல் வார்னிஷ் பூசினால், அந்த வாடை போனபிறகே கொடுங்கள். ஜிகினா வேண்டவே வேண்டாம், படுக்கையெல்லாம் உதிரும். பழைய மருந்து பாட்டிலும் கூடாது. மாத்திரைகளுக்கு நடுவே குழப்பம்.