பின் ஆக்சில் பேரிங், சீல் வேலை: புதுப்பேட்டை பட்டறை அனுபவம்

பழைய டீசல் ஜீப் வைத்திருப்பவர்கள், அதிலும் பின்பக்கம் ஒரு ஊங்காரம் கேட்டும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னை வேளச்சேரியில் எங்கள் தெருத் தண்ணீரில் என் வண்டி இரண்டு நாள் நின்றது, சக்கரத்தின் நடு மட்டம் வரை. வடிந்ததும் இன்ஜின் ஆயில் மாற்றினேன், ஏர் ஃபில்டர் மாற்றினேன், பின் ஆக்சில் நினைப்பே வரவில்லை. நான்கு மாதம் கழித்து வலது பின் டயரின் உள்பக்கம் எண்ணெய் வழிந்தது. வீட்டுப் பக்கத்தில் ஒரு பட்டறையில் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் ஒன்றை மட்டும் மாற்றித் தந்தார்கள். ஆறே வாரம், மறுபடியும் கசிவு, கூடவே 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஊங்காரம், ஹேண்ட் பிரேக்கும் சரியாகப் பிடிக்கவில்லை. அப்போதுதான் நண்பர் ஒருவர் புதுப்பேட்டையில் மெக்கானிக் பாய் ஒருவரிடம் அனுப்பினார். பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, அவரைக் கேட்காமல் அவர் பெயரை இங்கே போடவும் மனமில்லை. தேவைப்படுபவர்கள் கேளுங்கள், வழி சொல்கிறேன்.

முதலில் எனக்குப் பிடித்தது, அவர் ஸ்பானரை எடுக்கும் முன் வண்டியை எடுத்தார். 60-இல் போகும்போது நியூட்ரலில் விட்டார், சத்தம் அப்படியே இருந்தது, அதனால் இன்ஜினும் கியர்பாக்ஸும் இல்லை. ஆக்சிலேட்டரை அழுத்தியும் விட்டும் பார்த்தார், சத்தத்தில் மாற்றமே இல்லை, பின் ஆக்சில் நடுவில் இருக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் தேய்ந்திருந்தால் அங்கே பெரும்பாலும் மாறும். இடது பக்கம் வளைத்தபோது பாரம் வலது சக்கரத்தில் இறங்கியது, ஊங்காரமும் ஏறியது. திரும்பி வந்து ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு கையை ஸ்பிரிங் பட்டை மேல் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றினார். என் கையையும் வைக்கச் சொன்னார். இடது பக்கம் வழுவழுவென்று ஓடியது, வலது பக்கம் மணலை அரைப்பது போல ஒரு நறநறப்பு. டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டமும் இருந்தது.

"பேரிங்கே ஆடுது சார், சீல் இன்னா பண்ணும்?" என்றார். என் பணம் முதல் தடவை எங்கே வீணானது என்று அந்த ஒரு கேள்வியில் புரிந்துவிட்டது. பேரிங் தேய்ந்தால் ஆக்சில் ஷாஃப்ட் நடு மையத்தில் சுற்றாது, சீலின் உதடு ஒரு பக்கம் நசுங்கும், ஒரு பக்கம் விலகும். எத்தனை புது சீல் போட்டாலும் கொஞ்ச நாளில் கசியத்தான் செய்யும்.

டிரம்மைக் கழற்றியதும் பிரேக் ஷூ முழுக்க கியர் ஆயிலில் ஊறியிருந்தது. பெட்ரோலில் கழுவிப் போடலாமா என்று கேட்டேன், ஒரேயடியாக மறுத்துவிட்டார். லைனிங் குடித்த எண்ணெய் சூடு ஏறும்போது மறுபடியும் வெளியே வரும், பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். ஷாஃப்ட்டை உருவி எடுத்தால் பேரிங்கில் கிரீஸ் என்று சொல்ல ஒன்றுமில்லை, ரோலர்களில் துருப் புள்ளிகள். ஹவுசிங்கிலிருந்து இறங்கிய ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தது, அதாவது உள்ளே தண்ணீர்.

அப்புறம் அவர் காட்டியதுதான் முக்கியமான விஷயம். ஆக்சில் ஹவுசிங் மேல் விரல் அளவு ஒரு பிரீதர், அதாவது காற்றுப் போக்கி, இருக்கிறது. அது வெள்ளச் சேற்றில் அடைத்துக் கிடந்தது. ஓடும்போது ஆக்சில் சூடாகி உள்ளே காற்று விரியும், வெளியேற வழி இல்லாவிட்டால் எண்ணெயை சீல் வழியாகத் தள்ளும். முதல் பட்டறையில் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பாய் கழற்றிக் கழுவி, வாயால் ஊதிப் பார்த்துத் திரும்பப் போட்டார்.

பேரிங் நகராமல் ஷாஃப்ட்டில் இறுக்கிப் பிடிக்கும் வளையமான பழைய காலரை உளியால் வெட்டி எடுத்தார், அதைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது என்றார். புது பேரிங்கையும் காலரையும் பக்கத்து லேத் பட்டறையில் பிரஸ்ஸில் ஏற்றினார்கள், உள்வளையத்தில் மட்டும் அழுத்தம் விழுகிறதா என்று பாய் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். வெளிவளையத்தில் அழுத்தினால் ரோலர் வழியாகப் பாரம் போய், ஓடும் முன்பே தழும்பு விழுந்துவிடும். சீல் உட்காரும் இடத்தை நகத்தால் வருடிப் பள்ளம் இருக்கிறதா என்று பார்த்தார், உதட்டில் கிரீஸ் தடவினார், ஸ்பிரிங் உள்ள பக்கத்தை எண்ணெய்ப் பக்கம் வைத்துத் தட்டையான தகடு கொடுத்து நேராக இறக்கினார். கடைசியில் ஷிம் என்னும் மெல்லிய தகடுகளை வைத்து, டயல் கேஜ் என்னும் அளவுக் கருவியில் உள்-வெளி ஆட்டம் 0.15 மில்லிமீட்டர் வரும்வரை விடவில்லை. இந்த வகை ஆக்சிலில் வண்டியின் பாரமும் அந்த ஷாஃப்ட் மேல்தான், பேரிங் நொறுங்கினால் சக்கரம் ஷாஃப்ட்டோடு வெளியே வரவும் வாய்ப்பு உண்டு. வீட்டில் எல்லோரும் ஏறும் வண்டி, எனக்கு இது சின்ன விஷயம் இல்லை.

செலவு: உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் நானே வாங்கிய பேரிங் இரண்டு 2,100, சீல் நான்கு 640, காலர் 240, ஷூ செட் 1,150, கியர் ஆயில் 760, கூலி 2,200. மொத்தம் 7,090 ரூபாய், இரண்டு பக்கத்துக்கும். இடது பக்கமும் அதே தண்ணீரில்தான் நின்றது என்பதால் அதையும் மாற்றச் சொன்னது நான். கழற்றிப் பார்த்தால் அங்கேயும் கிரீஸ் வெளுத்திருந்தது.

குறை இல்லாமல் இல்லை. ஒரு நாள் என்று சொன்ன வேலை மூன்று நாள் ஆனது, நடுவில் போன் செய்தால் எடுக்கவில்லை. ரசீது துண்டுச் சீட்டில்தான், அலுவலகத்தில் கணக்கு காட்ட வேண்டியவர்களுக்கு உதவாது. ஆனால் கழற்றிய சாமான் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, கேட்காமலே கொடுத்தார்.

அதற்குப் பிறகு 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டேன், நடுவில் திருவண்ணாமலைக்கும் ஒரு தடவை போய் வந்தேன். சத்தம் இல்லை. போன வாரம் டிரம்மைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே ஈரமே இல்லை.

போகிறவர்கள் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு மூடுவார். பேரிங்கை முன்கூட்டியே வாங்காதீர்கள், பழையதைக் கழற்றி வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், ஜி.பி. ரோடு அங்கிருந்து பக்கம்தான்.