நாசிக் குச்சியா, உமிழ்நீர்க் குப்பியா: கொரோனாவின் கடுமையை எது முன்சொல்லும்?

மூக்கின் உட்கோடி வரை குச்சி விட்டு எடுக்கும் மாதிரி சிறந்ததா, குப்பியில் துப்பித் தரும் உமிழ்நீர் சிறந்ததா என்று வாதிடும்போது, தொற்று இருக்கிறதா என்ற கேள்வியும் நோய் எவ்வளவு முற்றும் என்ற கேள்வியும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

முதல் கேள்வியில் உமிழ்நீர் பின்தங்கவில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழுவினர் 2020-இல் மருத்துவமனையில் இருந்த 70 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டபோது, வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ. உமிழ்நீரில்தான் கூடுதலாக இருந்தது. மாஞ்சோலை, ஊத்து போன்ற மலையூர்களின் மாதிரிகள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனை வரை இறங்கி வரவேண்டிய நெல்லைச் சீமையில் இது சிறிய செய்தியன்று. நாசி மாதிரிக்குப் பயிற்சி பெற்ற பணியாளரும் பாதுகாப்பு உடையும் குளிர்ப்பெட்டியும் வேண்டும். உமிழ்நீரையோ அவரவரே தரலாம், அதிலுள்ள ஆர்.என்.ஏ. அறை வெப்பநிலையிலும் பல நாள் சிதைவதில்லை. ஆனால் மாதிரி தருமுன் அரை மணி நேரமாவது எதையும் உண்ணாமல், குடிக்காமல், மெல்லாமல் இருக்கவேண்டும்; வெற்றிலை இல்லாமல் பேச்சே தொடங்காத எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் இந்த ஒரு நிபந்தனையை நிறைவேற்றுவதே பெரும்பாடு. உப்பு நீரால் தொண்டையைக் கொப்பளித்துத் தரும் முறையை நாக்பூரின் நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு) நிறுவனம் உருவாக்க, 2021 மே மாதத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். அதற்கு ஒப்புதல் அளித்தது. குச்சிக்கு அஞ்சுவோருக்கு அதுவும் ஒரு வழி.

கடுமையைப் பற்றிய கேள்வியில் வழக்கு சிக்கலாகிறது. உமிழ்நீரிலுள்ள வைரஸ் அளவு நோயின் கடுமையோடும் இறப்போடும் சேர்ந்து உயர்ந்ததையும், நாசி மாதிரியில் அத்தொடர்பு அவ்வளவு தெளிவாகத் தென்படாததையும் யேல் ஆய்வாளர்கள் 2021-இல் தெரிவித்தனர். உமிழ்நீர்ச் சுரப்பிகளிலேயே வைரஸ் பெருகக்கூடும் என்பதால் இதை எளிதில் ஒதுக்க முடியாது. எனினும் தனி ஒருவரின் பி.சி.ஆர். சோதனை அறிக்கையில் உள்ள சிடி மதிப்பை (எத்தனை சுழற்சியில் வைரஸ் தென்பட்டது என்ற எண்; அது குறைந்தால் வைரஸ் அதிகம்) கொண்டு அவருடைய கதியைக் கணிப்பது வேறு. மாதிரி எடுத்த நாள், எடுத்த விதம், பயன்படுத்திய சோதனைக் கிட் ஆகியவற்றுக்கேற்ப அந்த எண் மாறும். கடுமையை அளக்க அதை நம்பவேண்டாம் என்று ஐ.சி.எம்.ஆரும் அறிவுறுத்தியது. போதாக்குறைக்கு, செயற்கைச் சுவாசத்துக்காகத் தொண்டையில் குழாய் செருகப்பட்ட நோயாளியும் வாய் வறண்ட முதியவரும் துப்பித் தர இயலாது. கடுமை மிகுந்தோரிடமே உமிழ்நீர் மாதிரி கைகொடுப்பதில்லை.

ஆகவே படுக்கையருகில் மூன்றாவது போட்டியாளரான, விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரையே நான் முன்வைப்பேன். 2020-இல் பிரிட்டனில் நடந்த ரெகவரி என்ற மருந்து ஆய்வில், ஆக்சிஜன் தேவைப்பட்டோருக்கு அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோன் இறப்பைக் குறைத்தது, தேவைப்படாதோருக்குப் பயனளிக்கவில்லை. சிகிச்சையை முடிவு செய்தது ஆக்சிஜன் தேவையே, வைரஸ் அளவு அன்று. இரண்டாம் வாரத்தில் வைரஸ் குறைந்த பின்னும் உடலின் அழற்சியே நுரையீரலைச் சிதைக்கிறது.

உமிழ்நீரிலுள்ள வைரஸ் அளவுக்கு இடமிருந்தால் அது முதல் ஐந்து நாட்களில்தான். வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கவேண்டிய அந்நாட்களில் ஆக்சிமீட்டர் பெரும்பாலும் 97, 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அப்போதும் வயது, சர்க்கரை நோய், தடுப்பூசி விவரம் ஆகியவற்றை ஆய்வகமே இல்லாமல் கேட்டறியலாம் என்பதால், அவற்றைவிடக் கூடுதலாகத் தான் என்ன சொல்கிறது என்பதை உமிழ்நீர்ச் சோதனை மெய்ப்பித்தாக வேண்டும்.