சிங்கிளா, டபுளா: குரோஷேயில் முதலில் எதைப் பழகலாம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்து வீட்டு அத்தை, தோட்டத்து லயத்தைக் காலிசெய்து இந்தத் தாமானுக்கு (வீடமைப்புக் குடியிருப்புக்கு) வந்தபோது ஒரு பிஸ்கட் டின்னைப் பத்திரமாகக் கொண்டுவந்தார். உள்ளே கொக்கி ஊசிகளும் பழுப்பேறிய பிரிட்டிஷ் பின்னல் புத்தகம் ஒன்றும். அவரிடம் குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னும் கைவேலை, பழகப் போன முதல் நாளே தகராறு. டபுள் என்ற பின்னலைப் போடச் சொன்னார். நான் யூடியூப்பில் பார்த்தபடி ஊசியில் நூலைச் சுற்றிக்கொண்டு குத்தினேன்.

“ஏம்மா, டபுள்னுதானே சொன்னேன்? எதுக்கு முதல்லயே சுத்துற?”

இரண்டு பேர் மேலும் தப்பில்லை. அமெரிக்கக்காரர் சிங்கிள் என்பதைப் பிரிட்டிஷ்காரர் டபுள் என்பார். அமெரிக்க டபுள் அங்கே டிரெபிள். பேட்டர்னில் ‘சிங்கிள் குரோஷே’ என்று இருந்தால் அநேகமாக அது அமெரிக்கக் கணக்கு. இங்கே நானும் அமெரிக்கப் பெயரையே எழுதுகிறேன், அத்தை மன்னிக்கட்டும்.

சிங்கிளில் வேலை குறைவு. குத்தி நூலை இழுத்தால் ஊசியில் 2 கண்ணி. மறுபடி நூலைச் சுற்றி இரண்டையும் சேர்த்து இழுத்தால் முடிந்தது. டபுளில் குத்தும் முன்பே ஒரு சுற்று, அதனால் 3 கண்ணி. இரண்டிரண்டாக இரு தடவை இழுக்க வேண்டும். உயரமும் சிங்கிளைப் போல ஏறத்தாழ இருமடங்கு, அதனால் துணி மளமளவென்று வளரும். சிங்கிளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் விரல் அகலம்தான் வந்தது, வெறுத்தே போச்சு.

ஆனால் டபுளின் வில்லங்கம் ஓரத்தில் இருக்கிறது. வரிசை திரும்பும்போது 3 சங்கிலி (எதிலும் குத்தாமல் ஒன்றுக்குள் ஒன்றாக இழுக்கும் கண்ணி) போடுகிறோம். அதுவே ஒரு பின்னலாகக் கணக்காகும். ஆகவே அடியில் உள்ள முதல் பின்னலை விட்டுவிட்டு அடுத்ததில் குத்த வேண்டும். வரிசைக் கடைசியில் பழைய 3 சங்கிலியின் உச்சியிலும் மறக்காமல் ஒன்று போட வேண்டும். நான் அந்தக் கடைசி ஒன்றை ஒவ்வொரு வரிசையிலும் மறந்தேன். 20 பின்னலில் தொடங்கியது ஆறு வரிசை கழித்து 14. கிளாஸுக்கு அடியில் வைக்கப் பின்னியது சமோசா மாதிரி ஆகிவிட்டது.

சிங்கிளில் இந்தத் தொல்லை இல்லை. திரும்ப 1 சங்கிலி, அதை எண்ண வேண்டாம், முதல் பின்னலிலேயே குத்தலாம். அதன் சிக்கல் வேறு: நூலை இறுக்கிப் பிடிக்கும் கைக்கு அடுத்த வரிசையில் ஊசி நுழையவே நுழையாது. இங்குள்ள புழுக்கத்தில் விரல் வியர்த்தால் நூல் வழுக்காமல் இன்னும் இறுகும். அரை மில்லிமீட்டர் பெரிய ஊசி எடுத்தால் சமாளிக்கலாம். நான் 4இலிருந்து 4.5க்கு மாறினேன்.

கறுப்பு நூலில் மட்டும் எதையும் ஆரம்பிக்காதீர்கள், கண்ணி தெரியாது.

என்னைக் கேட்டால் கை தளர்வானவர்கள் சிங்கிளில் தொடங்கட்டும். இறுகிய கைக்காரர்களுக்கு டபுள், கூடவே வரிசைக்கு வரிசை எண்ணும் பொறுமை. அத்தை இதை ஒத்துக்கொள்ள மாட்டார். யாராக இருந்தாலும் முதலில் சிங்கிள்தான் என்பார், அதாவது அவருடைய டபுள்.

பை பின்னுவதாக இருந்தால் மட்டும் நானும் அவர் கட்சி. டபுளில் போட்ட என் கைப்பையில் வீட்டுச் சாவியின் முனை இப்போதும் வெளியே எட்டிப் பார்க்கிறது.