"அனைவருக்குமான பூங்கா"ன்னு போர்டு, ஆனா கேட்லயே மாட்டிக்கிட்டோம் (3/5)

ரெனோவேட் பண்ணி திறந்திருக்காங்கன்னு கேள்விப்பட்டு, வீல்சேர்ல இருக்கற அம்மாவையும் பதிமூணு வயசு பொண்ணையும் கூட்டிட்டு இதுவரைக்கும் மூணு தடவ போயாச்சு, அதனால ஒரு நாள் பாத்துட்டு எழுதுற ரிவ்யூ இல்ல இது.

மெயின் கேட்ல பைக் உள்ள வரக்கூடாதுன்னு வளைஞ்சு வளைஞ்சு போற மாதிரி கம்பி போட்டிருக்காங்க. பைக் வரல, கரெக்ட். வீல்சேரும் வரல. எங்களுக்கு முன்னாடி பிராம் தள்ளிட்டு வந்தவங்க குழந்தைய என் பொண்ணு கைல குடுத்துட்டு வண்டிய தலைக்கு மேல தூக்கி அந்தப் பக்கம் இறக்குனாங்க. அம்மாவ அப்படி தூக்க முடியுமா?

ராம்ப் இருக்கு, ஆனா பேருக்கு. நிறைய நாட்டுல 1:12ன்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க, அதாவது ஒரு அடி ஏறணும்னா 12 அடி நீளத்துக்கு சரிவு. இங்க அரை அடி உயரம், அப்போ 6 அடி வேணும்ல, டேப் எடுத்துட்டுப் போய் அளந்தேன் (ஆமா, நான் அப்படிப்பட்ட ஆளு தான்), மூணு அடி கூட இல்ல. இறங்கும்போது அம்மா ரெண்டு கையாலயும் கைப்பிடிய இறுக்கிப் பிடிச்சு கண்ண மூடிக்கிட்டாங்க.

வீல்சேரோட ஏத்துற ஊஞ்சல் ஒண்ணு இருக்கு, விளம்பர போட்டோல எல்லாம் அதான் வருது. பூட்டு தொங்குது. சாவி ஆபீஸ்ல, ஆபீஸ் ஞாயித்துக்கிழமை லீவு. சாவி கிடைச்சாலும் சுத்தி கொட்டியிருக்கற மரச்சீவல்ல சக்கரம் புதையும். அமெரிக்கால சான் ஆன்டோனியோல மார்கன்ஸ் வொண்டர்லேண்ட்னு 2010ல ஒரு பார்க் திறந்தாங்க, மாற்றுத்திறனாளிகளுக்கு டிக்கெட்டே கிடையாது, 2017ல பக்கத்துலயே தண்ணி பார்க்கும் கட்டி நனைஞ்சாலும் ஓடுற வீல்சேர் வச்சிருக்காங்க. அவ்வளவு வேணாம் சார், பூட்ட மட்டும் எடுங்க.

இப்போ நல்லத சொல்லணும், ஏன்னா குடுத்த மூணு ஸ்டார்ல ரெண்டு அதுக்குத்தான். முன்னாடி நடுவுல ஒரே பெரிய கிரவுண்டு, பெரிய பசங்க பந்து ஆடுவாங்க, என் பொண்ணு ஓரமா நின்னுட்டு "போலாம்ப்பா"ம்பா. இப்போ அத செடி வச்சு மூணா பிரிச்சு ஒண்ணுல பேட்மிண்டன், ஒண்ணுல வாலிபால், ஒண்ணுல வட்டமா உக்காந்து பேசுற மாதிரி திண்ணை. வியன்னால இத அப்பவே பண்ணியிருக்காங்க, ஒன்பது வயசுக்கு மேல பொண்ணுங்க பார்க்குக்கு வர்றது கொறஞ்சு போறத கவனிச்சு, 1999ல ரெண்டு பார்க்க இதே மாதிரி மாத்துனதும் திரும்ப வர ஆரம்பிச்சாங்க. இங்கயும் நம்ம கண்ணுக்கே தெரியுது, போன வாரம் பொண்ணு பேட்மிண்டனுக்கு லைன்ல நின்னா, கிளம்பலாம்னு நான்தான் கூப்பிட்டேன்.

போர்டு விஷயம். இது கூடாது அது கூடாதுன்னு பதினாறு "கூடாது", அதுவும் ஒரே மொழில. வேற ஊர்லேர்ந்து வந்த ஒரு குடும்பம் படிக்க தெரியாம புல்லுல உக்காரலாமா கூடாதான்னு ரொம்ப நேரம் நின்னாங்க, நான் உக்காந்து காட்டுனேன், அவங்களும் உக்காந்தாங்க. நாலு படம் வரைஞ்சு வச்சா முடிஞ்சுது.

டாய்லெட் சுத்தம், ஆனா வீல்சேர் டாய்லெட்ல தொடப்பமும் பக்கெட்டும் அடுக்கி வச்சிருக்காங்க.

வீல்சேரோட போறவங்க மெயின் கேட்டுக்கு போகாதீங்க. பின்னாடி குப்பை வண்டி வர்ற கேட் காலைல ஒம்பது மணி வரைக்கும் திறந்திருக்கும், நாங்க அப்படித்தான் போறோம்.