சாரல் சீசனில் ட்யூப் மைக்: செங்கோட்டைப் பக்கத்து அனுபவம்

ஆரியங்காவு நண்பர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, ட்யூப் மைக் விலை நல்லா இறங்கிக் கிடக்கு. ஐயப்பன் பாட்டு ரெக்கார்டிங்குக்கு ஒண்ணு எடுத்துப் போடலாமா? எந்த ட்யூப் உள்ளது எடுக்க?"

ட்யூப் மைக் என்றால், பழைய வால்வு ரேடியோவில் இருந்தது போன்ற கண்ணாடி வால்வு (அதுதான் ட்யூப்) உள்ளே இருந்து சிக்னலைக் கையாளும் மைக். அந்த ட்யூப் எந்தக் கம்பெனி என்பதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். கடைசியாகப் பார்க்க வேண்டியது அது. கணவாய் வழியாக ஈரக்காற்று இறங்கும் நம் ஊர்களில் கேப்ஸ்யூல் (சத்தத்தை மின் சிக்னலாக்கும் வட்டப் பகுதி), பவர் சப்ளை, மைக்கை வைக்கிற பெட்டி, இந்த மூன்றும் சரியாக இருந்தால் போதும், ட்யூப் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

நான் புழங்குவது பல பெயர்களில் விற்கும் சீனத் தயாரிப்பு: 12ஏஎக்ஸ்7 ட்யூப், 34 மி.மீ. கேப்ஸ்யூல், 7 பின் கேபிள், பவர் சப்ளையிலேயே ஒன்பது பேட்டர்ன் (எந்தப் பக்கத்துச் சத்தத்தைப் பிடிக்க வேண்டும் என்ற தேர்வு). அதன் நல்ல குணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரப்போகும் கோபம் நியாயமாக இருக்க வேண்டுமே. சரணம் விளித்து விளித்துத் தொண்டை கட்டிய குருசாமிக் குரலை இது பிடிக்கிற மாதிரி, இதே விலையில் வரும், ட்யூப் இல்லாத சாதாரண கண்டன்சர் மைக் பிடிப்பதில்லை. கரகரப்பு காதைக் கீறாமல் குரலின் அடிக்கனத்தோடு சேர்ந்து வருகிறது. மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தவர் திடீரென்று உச்சத்தில் "சாமியே!" என்று எடுத்தாலும் சத்தம் வெடிக்காது, முனை மழுங்கித்தான் ஏறும். இந்தப் பெருமை முழுக்க ட்யூபுக்குச் சேராது. சாதாரண அளவில் பாடும்போது கேப்ஸ்யூலும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும்தான் குரலின் நிறத்தை அதிகம் தீர்மானிக்கின்றன.

பேட்டர்ன் குமிழைக் கார்டியாய்டிலிருந்து (முன்பக்கச் சத்தத்தைப் பிடிப்பது) ஆம்னி (எல்லாப் பக்கமும் பிடிப்பது) பக்கம் ஒன்றிரண்டு கிளிக் திருப்பிப் பாருங்கள். நெருங்கிப் பாடும்போது வரும் வீக்கமும் 'ப' அடிக்கும் காற்றும் குறையும். திருப்பியவுடன் டேக் (பதிவு) போகக் கூடாது. கேப்ஸ்யூலுக்குப் போகும் மின்னழுத்தம் பெரிய ரெசிஸ்டர் வழியாக மெதுவாக ஏறுவதால் கால் நிமிடமாவது விட வேண்டும்.

அடுத்தது 'ஸ', 'ஷ'. சாஸ்தா, ஸ்வாமி, ஈஸ்வரன் என்று வரிக்கு வரி சீறும் எழுத்துகள். மலையாளத்தில் பாடினால் இன்னும் கூடுதல். விலை குறைந்த ட்யூப் மைக்குகளில் பெரும்பாலும் இருப்பது கே67 வகைக் கேப்ஸ்யூலின் நகல். 1960இல் வந்த நாய்மன் கம்பெனியின் யூ67 மைக்கில் இந்தக் கேப்ஸ்யூலின் மேல் ஸ்தாயி ஏற்றத்தை உள்ளே இருக்கும் சர்க்யூட் இறக்கிவிடும். நகல் எடுத்தவர்களில் பலர் கேப்ஸ்யூலை எடுத்துக்கொண்டு அந்தச் சர்க்யூட்டை விட்டுவிட்டார்கள். அதனால் 8 முதல் 12 கிலோஹெர்ட்ஸ் வரை கத்தி மாதிரி நிற்கும். வாங்கும்முன் கேப்ஸ்யூல் கே67 வகையா, கே47 வகையா என்று கேளுங்கள். சீறல் அதிகமுள்ள பாட்டுக்கு கே47 வகை பரவாயில்லை. கையில் இருப்பது கே67 என்றால் வாயிலிருந்து 20 செ.மீ. தள்ளி, மூக்கு உயரத்தில், 15 டிகிரி திருப்பி வையுங்கள். பாதிச் சீறல் அங்கேயே அடங்கும்.

இனி சாரல். ஐயப்பன் பாட்டு கார்த்திகைக்கு முன் வெளிவர வேண்டும், ஆகவே ஆனி, ஆடி, ஆவணியில்தான் ரெக்கார்டிங். ஈரம் உச்சத்தில் இருக்கும் மாதங்களும் அவையேதான். நல்ல டேக் போய்க்கொண்டிருக்கும்போது ஹெட்ஃபோனில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம். நின்றுவிடும், பிறகு இரண்டாம் சரணத்தில் வரும். பல்லவியை எத்தனை தரம் பாடச் சொன்னாலும் அந்தச் சத்தம் தனக்குப் பிடித்த இடத்தில்தான் வந்து உட்காருகிறது. பாடுகிறவர் முகத்தைப் பார்க்க முடியாது.

காரணம் இதுதான்: கேப்ஸ்யூல் ட்யூபின் கிரிட்டோடு (சிக்னல் நுழையும் முனை) சேரும் இடத்தில் இருக்கும் ரெசிஸ்டர் நூற்றுக்கணக்கான மெகாஓம் முதல் ஒரு கிகாஓம் வரை இருக்கும். அவ்வளவு உயர்ந்த தடையில் போர்டின் மேல் படிந்த தூசியும் விரல் ரேகையும் ஈரம் குடித்தாலே போதும், மின்சாரம் கசிய வழி கிடைத்துவிடும். அந்தக் கசிவுதான் பொரிகிறது. சர்வீஸுக்குக் கொண்டுபோனால் "ட்யூப் போச்சு" என்று மாற்றிக் கொடுக்கிறார்கள், காசு வாங்குகிறார்கள், அடுத்த மழையில் அதே பொரியல். இதில்தான் எனக்கு ஆத்திரம். பிரித்துப் பார்க்காமல் ட்யூபைக் குறை சொல்வது தொழில் தெரிந்தவனுக்கு அழகில்லை.

குறை எங்கே என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஆன் செய்து ஒரு மணி நேரத்தில் சத்தம் குறைந்து, மறுநாள் காலை திரும்ப வந்தால் ஈரம். மைக் உடலை விரலால் தட்டும்போது மணி மாதிரி ரீங்காரம் வந்தால் ட்யூப், அல்லது ட்யூப் சாக்கெட். கேபிளை அசைத்தால் வந்தால் 7 பின் கனெக்டர்.

ஈரம்தான் என்றால், பவர் சப்ளையை அணைத்து, பத்து நிமிடம் கழித்துக் கேபிளைக் கழற்றி, உடலைத் திறந்து, கிரிட் ரெசிஸ்டர் இருக்கும் பகுதியை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைக்க வேண்டும். கேப்ஸ்யூலின் மெல்லிய சவ்வை (டயஃப்ரம்) தொடவே கூடாது. துடைத்த இடத்தை மறுபடி விரலால் தொடக் கூடாது. பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்காதீர்கள், உள்ளே உயர் வோல்டேஜ் கப்பாசிட்டர் அணைத்த பிறகும் சார்ஜ் பிடித்து வைத்திருக்கும்.

மைக்கோடு வரும் அலுமினியப் பெட்டி இந்த ஊருக்கு ஆகாது. உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, நாளாக நாளாக உதிர்ந்து கேப்ஸ்யூல் வலையில் ஒட்டுகிறது. ரப்பர் வளையம் போட்ட காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா வாங்கி, கால் கிலோ நீல சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டிப் போடுங்கள். ஒரு சின்ன ஈரமானி உள்ளே கிடக்கட்டும். 50 சதவீதத்துக்குக் கீழே நின்றால் நிம்மதி. ஜெல் ரோஸ் நிறமானால் பழைய சட்டியில் சிறுதீயில் நீலமாகும் வரை வறுத்தெடுக்கலாம். அந்தச் சட்டியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள், நீலம் கோபால்ட் உப்பு. இன்னொன்று, ஏசியை அணைக்கும் முன்பே மைக்கை டப்பாவுக்குள் வைத்துவிட வேண்டும். குளிர்ந்த மைக்கின் மேல் வெளிக்காற்று பட்டால் வியர்த்துவிடும்.

கரண்ட் விஷயம். காற்றடிக்கும் மாதங்களில் வோல்டேஜ் இறங்கினால் ட்யூபைச் சூடாக்கும் ஹீட்டருக்கான 6.3 வோல்ட் ரெகுலேட்டர் தடுமாறி 100 ஹெர்ட்ஸ் உறுமல் வரும். மைக் கெட்டுவிட்டதாக நினைத்து அலைய வேண்டாம், ஸ்டெபிலைசர் போதும். இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் வகைதான் வேண்டும், ஸ்கொயர் வேவில் டிரான்ஸ்ஃபார்மரே இரைகிறது. எர்த் இல்லாத பாயிண்டில் இதைச் சொருகவே சொருகாதீர்கள்.

ட்யூப் மாற்ற ஆசையிருந்தால் 12ஏஎக்ஸ்7 இடத்தில் 5751 என்ற ட்யூப் அப்படியே உட்காரும். பெருக்கம் 100இலிருந்து 70க்கு இறங்கும், இரைச்சலும் கொஞ்சம் இறங்கலாம். அவ்வளவுதான், குரல் ஒன்றும் மாறிவிடாது.

இத்தனையும் சொன்ன பிறகு நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். தகரக் கூரை, திறந்த ஜன்னல், மழைச் சத்தம் உள்ள அறைக்கு ஷ்யூர் எஸ்எம்7பி மாதிரி ஒரு டைனமிக் மைக்கும் (காந்தமும் கம்பிச்சுருளும் உள்ளது, ட்யூப் கிடையாது) 60 டெசிபல் கெயின் (பெருக்கம்) தரும் பிரீஆம்பும் போதும், ஈரத்தைப் பற்றிய கவலையே இல்லை. என்னுடையதை விலைக்குக் கேட்டாலும் தர மாட்டேன், அது வேறு விஷயம். அந்தக் குருசாமிக் குரலை வேறெதிலும் பதிய எனக்கு மனம் வரவில்லை.

என் பேச்சைக் கேட்காமல் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் ஆடியில் வாங்குங்கள். சாரல் பெய்கிற நாளில், ஏசி போடாமல், இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள். பொரிந்தால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடலாம். மாசி பங்குனியில் வாங்கினால் எந்த மைக்கும் நல்ல மைக்தான், குறை தெரிய வரும்போது கெடு முடிந்திருக்கும்.