சென்னையில் வீடு தேட யாரிடம் கேட்பது: சித்தப்பாவா, தரகரா, அண்ணாச்சியா?

திருநெல்வேலியிலிருந்து வேலைக்காகச் சென்னைக்கு வருகிறவர் வீடு பார்க்கத் தொடங்கியதுமே ஆலோசனைக்குப் பஞ்சமில்லாமல் போய்விடுகிறது. கேட்ட எல்லோரும் பதில் சொல்கிறார்கள், அதுவும் உறுதியாகச் சொல்கிறார்கள். எட்டு ஆண்டுகளில் நான்கு வீடு மாறியவன் என்ற முறையில், யார் சொல்வதை எந்த விஷயத்தில் நம்பலாம் என்பதைப் பற்றி எனக்கு ஒரு கணக்கு உண்டு. சொல்கிறவர் அதை எந்த ஆண்டில் தெரிந்துகொண்டார், அது தவறாகப் போனால் அவருக்கு என்ன நட்டம் என்ற இரண்டையும் பார்த்துத்தான் அந்தக் கணக்கைப் போடுகிறேன்.

முதலில் உறவினர். என் சித்தப்பா 1990களில் வேளச்சேரியில் மனை வாங்கி வீடு கட்டியவர். "தங்கமான ஏரியாப்பா, கண்ணை மூடிக்கிட்டு வா" என்றார். அவர் தெருவைப் பொறுத்தவரை அது உண்மை, ஏனென்றால் அது மேட்டில் இருக்கிறது. அந்தச் சொல்லை நம்பி நான் எடுத்த வீடோ அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிச் சரியும் பக்கம் இருந்தது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தென்சென்னையின் தாழ்வான பகுதிகள் நாள் கணக்கில் நீரில் நின்றன. ஆனால் வேளச்சேரி முழுவதும் மூழ்கியது என்று சொல்வதும், வேளச்சேரியில் பயமில்லை என்று சொல்வதும் ஒரே அளவுக்குத் தவறு. இந்த நகரத்தில் வெள்ளம் பகுதி பார்த்து வருவதில்லை, தெரு பார்த்து வருகிறது. ஆகவே உறவினரிடம் பகுதியைப் பற்றிக் கேட்காமல், அவரை வேறொன்றுக்குப் பயன்படுத்துவது நல்லது. "சென்னையில் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா?" என்று வீட்டு உரிமையாளர் கேட்கும்போது பக்கத்தில் வந்து நிற்க அவரைத் தவிர வேறு ஆள் கிடையாது.

அலுவலக நண்பருக்குப் போக்குவரத்து அத்துபடி. பழைய மகாபலிபுரம் சாலையில் காலை ஒன்பது மணிக்கு எந்தச் சிக்னலில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், ஏறத்தாழ 119 கிலோமீட்டருக்கு நடக்கும் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணியால் எந்த வழி சுற்றுவழியாகிவிட்டது என்பதையெல்லாம் நேற்றைய அனுபவத்திலிருந்து சொல்வார். தண்ணீரைப் பற்றி மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவருக்கு லாரித் தண்ணீரின் விலை மெயின்டனன்ஸ் கட்டணத்துக்குள் மறைந்துவிடுவதால், தண்ணீர்ப் பிரச்சினை என்ற ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிவதில்லை. தெற்கத்திக்காரருக்கு முக்கியமான இன்னொன்றும் அவர் நினைவுக்கு வராது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட பிறகு, ஊருக்குப் போகும் பேருந்தை அங்கே போய்ப் பிடிக்க வடசென்னையின் பெரம்பூரிலிருந்து புறப்படுகிறவரும் பக்கத்திலேயே இருக்கும் கூடுவாஞ்சேரியிலிருந்து புறப்படுகிறவரும் ஒன்றல்ல. தீபாவளிக்கு முந்தைய இரவு அந்த வித்தியாசம் நன்றாகப் புரியும்.

தரகரை எல்லோரும் திட்டுகிறார்கள், நான் திட்ட மாட்டேன். ஒரு மாத வாடகையைத் தரகாக வாங்கிக்கொண்டாலும், மற்றவர்கள் நாகரிகம் கருதிச் சொல்லாமல் விடுவதை அவர் பட்டென்று சொல்லிவிடுகிறார். எந்த உரிமையாளர் சைவம் சாப்பிடுகிறவருக்கு மட்டும் கொடுப்பார், யார் கல்யாணமாகாதவர் என்றால் கதவைத் திறக்க மாட்டார், யார் பெயரைக் கேட்டதும் மதத்தைக் கணக்குப் பார்ப்பார் என்பதெல்லாம் கசப்பான தகவல்கள்தான். இருந்தாலும் நான்கு வாசலில் அவமானப்படுவதைவிட அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொள்வது மேல். அட்வான்ஸ் விஷயத்தில் அவர் உரிமையாளர் பக்கம்தான் பேசுவார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஐந்து மாதம், பத்து மாதம் என்று கேட்பது இன்னும் நின்றபாடில்லை. "தண்ணி இருபத்து நாலு மணி நேரமும் வரும் சார்" என்பதும் பொய்யில்லை, எந்தத் தண்ணீர் என்பதை மட்டும் சொல்லியிருக்க மாட்டார்.

எந்தத் தண்ணீர் என்று தெரிய வேண்டுமானால் தெருமுனைக்குத்தான் போக வேண்டும். மளிகைக்கடை அண்ணாச்சி, இஸ்திரி வண்டிக்காரர், கேன் தண்ணீர் போடும் தம்பி ஆகிய மூவருக்கும் நீங்கள் அந்த வீட்டுக்கு வந்தாலும் வராவிட்டாலும் பெரிய லாபநட்டம் இல்லை. எந்த வீட்டுக்கு வாரத்துக்கு எத்தனை கேன் போகிறது என்பது கேன் போடுகிறவருக்கு மனப்பாடம். நான்கு பேர் இருக்கும் வீட்டில் கேன் கணக்கு வழக்கத்தைவிட ஏறியிருந்தால், குழாய்த் தண்ணீரைச் சமையலுக்குக்கூட அவர்கள் தொடுவதில்லை என்று அறியலாம். மூன்றாவது வீடு பார்த்தபோது ஓர் அண்ணாச்சியிடம் அரைக் கிலோ வெல்லம் வாங்கிக்கொண்டு பேச்சுக் கொடுத்தேன். என் பேச்சைக் கேட்டதுமே "நமக்கு எந்த ஊரு தம்பி?" என்றார். பாளையங்கோட்டை என்றதும் தராசை வைத்துவிட்டார். "ரெண்டு நாள் மழைக்குத் தாங்கும். மூணாவது நாளும் பெஞ்சா நான் அரிசி மூட்டையைப் பரண்ல ஏத்திருவேன். அந்தா பாருங்க" என்று கடைச் சுவரைக் காட்டினார். முழங்காலுக்குச் சற்று மேலே பழுப்பாக ஒரு கோடு இருந்தது. அதன் மேல் இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் அது மறையவில்லை. 2019 கோடையைப் பற்றியும் அவரே சொன்னார். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஆண்டு அது. அந்தத் தெருவில் மெட்ரோ வாட்டர் என்கிற குடிநீர் வாரியத்தின் லாரி எந்த வளைவு வரைக்கும் வரும், அதற்கப்பால் குடத்தை எவ்வளவு தூரம் தூக்க வேண்டும் என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் வீட்டுக்குள் நடப்பது அண்ணாச்சிக்குத் தெரியாது.

தெருப் பெயர்களும் கொஞ்சம் பேசும் என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இருக்கிறது, பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. 1920களில் அந்த ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள்.

தனியாக வரும் பெண்ணுக்கு இந்த வரிசை மாறும். இரவு பத்து மணிக்கு நிலையத்திலிருந்து நடந்து வரும் வழியைப் பற்றித் தரகரோ சித்தப்பாவோ சொல்வதற்கு மதிப்பில்லை. அதே தெருவில் விடுதியிலோ வாடகை வீட்டிலோ இருக்கும் இன்னொரு பெண் சொல்வதுதான் கணக்கு.

என்னைக் கேட்டால், இவர்கள் எல்லோரையும்விட ஒருபடி மேலே இருப்பவர் அந்த வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறவர்தான். ஆனால் உரிமையாளர் முன்னிலையில் அவரிடம் கேட்டால் "ஒரு குறையும் இல்லைங்க" என்றுதான் சொல்வார், ஏனென்றால் அவருடைய அட்வான்ஸ் இன்னும் உரிமையாளர் கையில் இருக்கிறது. இப்போது நான் இருக்கும் வீட்டில் முன்பு இருந்தவரும் அப்படித்தான் சொன்னார். படியிறங்கி டீக்கடைக்கு வந்த பிறகு மூன்று விஷயங்களைச் சொன்னார். போர் தண்ணீரின் உப்பில் வாட்டர் ஹீட்டர் காயில் அடிக்கடி போய்விடுகிறது. மின்சாரத்துக்குத் தனி இணைப்பு இல்லாமல் உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலையாக வசூலிப்பதால், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை குடியிருப்பவருக்குக் கிடைப்பதில்லை. காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். மூன்றையும் கேட்ட பிறகும் அந்த வீட்டைத்தான் எடுத்தேன், தனி மின் இணைப்பு வாங்கித் தருவதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு. உப்புத் தண்ணீருக்கு எழுதி வாங்க வழியில்லாததால், ஹீட்டரை மாட்டாமல் அடுப்பிலேயே வெந்நீர் போட்டுக்கொள்கிறோம்.