எஸ்எஸ்என் திருடு போச்சா? ஃப்ரீஸா, ஃபிராடு அலர்ட்டா, லாக்கா?

அமெரிக்காவுல இருக்கற நம்மாளுங்க நிறைய பேரு, எஸ்எஸ்என் (அரசாங்கம் தர்ற சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) வெளிய போயிடுச்சுன்னு தெரிஞ்சதும் பேங்க் பாஸ்வேர்டை மாத்திட்டு அதோட விட்டுடறாங்க. தயவுசெஞ்சு அப்படி விடாதீங்க, திருடன் உங்க அக்கவுன்ட் பக்கமே வர வேண்டாம், உங்க பேர்ல புதுசா கார்டோ கார் லோனோ வாங்கிட்டுப் போயிடுவான், கலெக்‌ஷன்காரன் போன் பண்ணும்போதுதான் உங்களுக்கே விஷயம் தெரியும்.

ஃபிராடு அலர்ட்ங்கறது உங்க கிரெடிட் ரிப்போர்ட்ல, அதாவது உங்க கடன் வரலாற்றுல, போடற எச்சரிக்கைக் குறிப்பு, அதைப் போடறது ஈஸி. அந்த ரிப்போர்ட்டை வச்சிருக்கற கிரெடிட் பியூரோ கம்பெனிங்க ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன், இந்த மூணுல ஒருத்தர்கிட்ட சொன்னா மத்த ரெண்டு பேருக்கும் அவங்களே சொல்லிடணும். ஒரு வருஷம் இருக்கும், எஃப்டிசி (நுகர்வோர் பாதுகாப்பைப் பாக்கற அரசு அமைப்பு) சைட்ல அடையாளத் திருட்டுப் புகார் குடுத்து அந்த ரிப்போர்ட்டைக் காட்டினா ஏழு வருஷம். ஆனா உங்க கிரெடிட் ரிப்போர்ட் திறந்தேதான் கிடக்கும், கடன் குடுக்கறவன் ஆள் நீங்கதானான்னு சரிபாக்கணும், அவன் ஒழுங்கா பாக்கறத நம்பித்தான் எல்லாமே.

ஃப்ரீஸ் போட்டா புதுசா கடன் குடுக்க வர்றவனுக்கு ரிப்போர்ட்டே கிடைக்காது, அது இல்லாம பெரும்பாலும் யாரும் கடன் தர மாட்டாங்க. மூணு இடத்துலயும் தனித்தனியா போடணும், அந்த அலைச்சலுக்குப் பயந்து ரெண்டுல போட்டுட்டு ஒண்ண விட்டா திருடன் அந்த வழியா வந்துடுவான். 2018 செப்டம்பர்ல இருந்து சட்டப்படி இலவசம். ஆன்லைன்லயோ போன்லயோ கேட்டா ஒரு வேலை நாளுக்குள்ள போட்டாகணும், எடுக்கச் சொன்னா ஒரு மணி நேரத்துல எடுத்தாகணும், கிரெடிட் ஸ்கோரும் குறையாது. கார் லோனுக்குப் போறீங்கன்னா டீலர்கிட்ட எந்த பியூரோல பாப்பீங்கன்னு முன்னாடியே கேட்டுட்டு அதை மட்டும் ரெண்டு நாளைக்குத் திறந்து வைங்க, தேதி குடுத்துட்டா தானா மூடிக்கும்.

இந்த பியூரோக்காரங்க லாக்னு ஒண்ணு விக்கறாங்களே, அதுவும் பாக்க இதே வேலைதான், ஆப்ல ஒரு தட்டு தட்டினா போதும். ஆனா ஃப்ரீஸுக்குப் பின்னாடி இருக்கறது சட்டம், லாக்குக்கு அந்த கம்பெனியோட ஒப்பந்தம் மட்டும்தான், சிலதுக்கு மாசச் சந்தா வேற. திருட்டு நடந்து முடிஞ்சவங்களுக்கு இது தேவையே இல்லைங்கறது என் கருத்து. மூணுலயும் ஃப்ரீஸ், அதோட ஏழு வருஷ அலர்ட், ரெண்டையும் சேத்தே போடலாம்.

ஏற்கனவே இருக்கற கார்டுல எவனாவது தேய்ச்சா ஃப்ரீஸ் தடுக்காது, ஸ்டேட்மென்ட்டை நீங்கதான் பாத்துக்கணும். உங்க எஸ்எஸ்என்ல டாக்ஸ் ஃபைல் பண்ணி ரீஃபண்டைத் தூக்கறதையும் தடுக்காது, அதுக்கு ஐஆர்எஸ் (வருமான வரித்துறை) தர்ற ஐபி பின்ங்கற ஆறு இலக்க ரகசிய நம்பர் இலவசம்தான், வருஷா வருஷம் புது நம்பர் வரும், அதையும் இப்பவே வாங்கிடுங்க.